அப்பாவுக்கு பைபாஸ், அம்மாவுக்குச் சர்க்கரை: தோட்டப்புறப் பிள்ளைகள் செய்ய வேண்டியவை

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு டவுனில் இருக்கும் இருதய நோயாளிக்கு ஆஸ்பத்திரி என்பது ஒரே இடம் இல்லை. மாத மருந்து கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில். ராத்திரி நெஞ்சு வலித்தால் டவுன் ஆஸ்பத்திரி. ஸ்பெஷலிஸ்ட் பார்க்க ஈப்போ. ஆபரேஷன் என்றால் பினாங்கு, செர்டாங், இல்லாவிட்டால் கோலாலம்பூரில் இருக்கும் தேசிய இருதயக் கழகமான ஐ.ஜே.என். ஓர் இடத்தில் எழுதியது அடுத்த இடத்து டாக்டரின் கண்ணில் தானாகப் படும் என்று நம்பிவிடாதீர்கள். ஈப்போவில் நிறுத்தச் சொன்ன மாத்திரையைப் பழைய சீட்டைப் பார்த்து கிளினிக்கில் தொடர்ந்து கொடுப்பார்கள். அப்பாவும் மறுபேச்சு பேசாமல் இரண்டையும் விழுங்குவார். ஆபரேஷன் அறைக்குள் நடப்பது நம் கையில் இல்லை. இந்த இடைவெளியில் நடக்கும் குழப்பத்தை மட்டும் பிள்ளைகள் நினைத்தால் தடுக்கலாம்.

ஒரே ஃபைல், ஒரே ஆள்

அண்ணன் தம்பி அக்கா தங்கை எத்தனை பேர் இருந்தாலும் டாக்டரிடம் பேசுவதற்கு ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவர்தான் பேச வேண்டும் என்றில்லை. மலாயில் தயங்காமல் கேள்வி கேட்கக்கூடியவர், கேட்டதை அங்கேயே எழுதிக்கொள்பவர், அவர்தான் சரி. மற்றவர்களுக்கு அவர் வாட்ஸ்அப்பில் சொல்லட்டும். ஆளுக்கொரு பக்கம் மிஸ்ஸியை (நர்ஸை) பிடித்துக் கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் கிடைக்கும், வீட்டில் சண்டையும் வரும்.

ஃபைல் என்பது அரிய பொருள் ஒன்றுமில்லை, புக் ஷாப்பில் கிடைக்கும் பிளாஸ்டிக் கவர் ஃபைல் போதும். அப்பாவுக்கு ஒரு நிறம், அம்மாவுக்கு வேறு நிறம். உள்ளே மைகார்டு நகல் நாலைந்து, அப்பாயிண்ட்மெண்ட் கார்டு, கடைசி இரத்தப் பரிசோதனை முடிவுகள் (கிட்னியைக் காட்டும் கிரியேட்டினின், சில மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., இரத்தச் சோகையைக் காட்டும் ஹீமோகுளோபின் மூன்றும் முக்கியம்), இருதய ஸ்கேனான எக்கோ ரிப்போர்ட், சாயம் செலுத்தி இருதயக் குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோகிராம் செய்திருந்தால் அதன் ரிப்போர்ட்டும் சி.டி.யும், பழைய டிஸ்சார்ஜ் நோட். இவற்றோடு பழைய இ.சி.ஜி. ஒன்றின் நகல் கட்டாயம் வேண்டும். அவசரப் பிரிவு டாக்டருக்கு இன்றைய இ.சி.ஜி.யில் உள்ள மாற்றம் புதியதா, வருடக்கணக்காக இருப்பதா என்று தெரிய வேண்டும். அதைக் காட்டிக் கொடுக்கும் ஒரே தாள் அதுதான். இ.சி.ஜி. தாள் வெயிலிலும் சூட்டிலும் மங்கிவிடும் வகை. அதனால் நகல் எடுத்து வைப்பதோடு போனில் படமும் பிடித்து வையுங்கள்.

முதல் பக்கத்தில் மருந்துப் பட்டியல். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, எந்த ஆஸ்பத்திரி எந்தத் தேதியில் ஆரம்பித்தது. நிறுத்திய மருந்தை அழிக்காமல் ஒரு கோடு போட்டு, யார் நிறுத்தச் சொன்னார்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த டாக்டருக்கு அந்தக் கோடு போட்ட வரிதான் பல சமயம் உதவும். ஒவ்வாமை இருந்தால் சிவப்புப் பேனாவில் மேலே.

டாக்டரிடம் கேட்க வேண்டியது

ஸ்பெஷலிஸ்ட் முன் உட்காரும் நேரம் கொஞ்சம்தான். அதில் பாதியை "எப்போ சரியாகும் டாக்டர்?" தின்றுவிடும். அதற்குப் பதில் இதைக் கேளுங்கள்: எத்தனை குழாயில் அடைப்பு, இடது பிரதானக் குழாயில் இருக்கிறதா? இருதயம் பம்ப் செய்யும் அளவு, அதாவது ஈ.எஃப்., எத்தனை சதவீதம்? குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட்டா, மாற்றுக் குழாய் ஒட்டும் பைபாஸா, ஏன்? கிட்னி தாங்குமா? காத்திருக்கும் காலத்தில் எந்த அறிகுறி வந்தால் அப்பாயிண்ட்மெண்ட் தேதிக்குக் காத்திராமல் வர வேண்டும்?

"பலூன் வைத்தாலே போதுமே, எதற்கு நெஞ்சைப் பிளக்க வேண்டும்?" என்று எல்லா வீட்டிலும் ஒரு சித்தப்பா கேட்பார். சர்க்கரை உள்ளவருக்குப் பல குழாய்களில் அடைப்பு இருந்தால் நீண்ட காலத்துக்கு பைபாஸ்தான் நல்ல பலன் தருகிறது என்பது பெரிய ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஸ்டென்ட், அடைத்துக்கொண்ட ஓர் இடத்தை மட்டும் திறக்கிறது. பைபாஸில் ஒட்டும் குழாய் அந்த அடைப்பைத் தாண்டிப் போய்ச் சேர்வதால், நடுவில் பின்னால் வரும் அடைப்புக்கும் அது மாற்றுவழி. ஒரே குழாய், ஒரே அடைப்பு என்றால் பேச்சு வேறு. காரணத்தை டாக்டர் வாயாலேயே கேட்டுக்கொண்டு வந்தால் சித்தப்பாவுக்குப் பதில் சொல்வது சுலபம்.

அப்பாவிடம் மறைக்காதீர்கள். "அவர்கிட்ட சொல்லாதீங்க, பயந்துருவார்" என்பது நம் வீடுகளில் பழகிப்போன வசனம். கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். ஐ.சி.யு.வில் குழாயோடு கண் விழிக்கப்போவதும் அவர்தான். நெஞ்சில் வெட்டு, காலில் வெட்டு, தொண்டையில் குழாய், கண் விழிக்கும்போது பேச முடியாது, கை கட்டியிருக்கலாம் என்பதையெல்லாம் முன்னதாகச் சொல்லி வைத்தால் எழுந்ததும் குழாயைப் பிடுங்கும் பதற்றம் குறையும்.

பணம்: முதலில் கேட்பவருக்கு வழி உண்டு

அரசாங்க ஆஸ்பத்திரியில் வார்டுக் கட்டணம் பெரிய சுமை இல்லை. உடலுக்குள் வைக்கும் சாமான்தான், ஸ்டென்ட், வால்வு, பேஸ்மேக்கர் போன்றவை, பையைக் கிழிக்கும். எது இலவசம், எதற்குக் காசு என்று தேதி கொடுக்கும் அன்றே கேளுங்கள்.

அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை வாங்குபவருக்கும் அவர் துணைக்கும், 40 வயது ஆகியிருந்தால், பெக்கா பி40 திட்டத்தில் மருத்துவச் சாதனத்துக்கு 20,000 ரிங்கிட் வரை உதவி உண்டு. தீபகற்பத்தில் இருப்பவர்களுக்குப் போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரையும் உண்டு. விண்ணப்பம் ஆஸ்பத்திரி வழியாகவே போகும். அது போதாவிட்டால் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் மருத்துவ சமூகப் பணிப் பிரிவில் தபோங் பந்துவான் பெருபாத்தான் (மருத்துவ உதவி நிதி) பற்றிக் கேளுங்கள். மைகார்டு நகல், சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மெண்ட், மின்சார பில் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள், இரண்டாவது நடை மிச்சம். கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் இறங்காதீர்கள்.

பிள்ளைகளில் யாராவது அரசாங்க ஊழியராக இருந்தால் பெற்றோருக்கு ஜி.எல். (செலவை ஏற்கும் உத்தரவாதக் கடிதம்) கிடைக்குமா என்று அவர் ஆபீசில் கேட்க வேண்டும். ஈ.பி.எஃப்.பில் 2024 மே மாதத்திலிருந்து அக்கவுன் செஜாத்ரா என்று அழைக்கப்படும் பகுதியிலிருந்து பெற்றோரின் கடும் நோய்ச் சிகிச்சைக்கும் பணம் எடுக்கலாம். அப்பா இன்னும் 60 வயதைத் தொடாமல் வேலையில் இருந்தவர் என்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் இயலாமைத் திட்டத்தையும் விசாரியுங்கள். பெற்றோருக்குச் செய்த மருத்துவச் செலவுக்கு வருமான வரியில் 8,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு என்பதால் ரசீதுகள் எல்லாம் ஃபைலில் பத்திரம்.

காத்திருக்கும் காலம்

தேதி வரும்வரை நாட்கள் நீளும். இந்தக் காலத்தில்தான் அதிகம் சறுக்குகிறது.

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, சாப்பிடும் முன் எடை பாருங்கள். தினமும் அதே தராசு, அதே நேரம். 3 நாளில் 2 கிலோ கூடினால் அது சதையில்லை, உடம்பில் தேங்கும் தண்ணீர். கால் வீங்குகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, தலையணை ஒன்று இரண்டாகி மூன்றாகிறதா என்று கவனியுங்கள். இப்படி இருந்தால் அன்றைக்கே கிளினிக். பிரஷர் பார்க்க 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, 1 நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுங்கள். கோப்பி குடித்த கையோடு எடுத்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து, வாரத்துக்கான மாத்திரையை 7 நாள் பெட்டியில் அடுக்குங்கள். அடுக்கும்போது பட்டியலைப் பார்த்து அடுக்க வேண்டும், பழைய பாக்கெட்டைப் பார்த்து அல்ல. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் ஜி.டி.என். மாத்திரைக்குத் தனி விதி: அதன் கறுப்புக் கண்ணாடிப் பாட்டிலிலேயே இருக்க வேண்டும், பெட்டிக்குள் போகக் கூடாது. திறந்த தேதியை மூடியில் எழுதி, 8 வாரத்தில் மாற்றுங்கள். ஆண்மைக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரையோடு இது சேர்ந்தால் பிரஷர் ஆபத்தாக இறங்கும். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் அப்பாவைத் தனியாக ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பால் மரம் வெட்டியே தேய்ந்த முட்டிக்கு வலி மாத்திரை இல்லாத பழைய தோட்ட வீடு இல்லை. டைக்லோஃபெனாக், மெஃபெனாமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் வகைகள் கிட்னியைக் கெடுக்கும், தண்ணீரைத் தேக்கும், இருதயத்தைச் சோர வைக்கும். தனியார் கிளினிக்கில் போடும் "முட்டி ஊசி"யிலும் இவை இருக்கலாம். என்ன ஊசி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வலிக்குப் பாராசிட்டமோல்தான் முதல் தேர்வு. நேரடி விற்பனைக்காரர்கள் கொண்டுவரும் பொடியும் ஜூஸும், ஜாமு மூலிகை மருந்தும், கிட்னி தடுமாறும் வீட்டில் வேண்டாம். உறவினர் விற்கிறார் என்பதால் விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் இது.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூன். ஆனால் வீட்டில் போடும் உப்பை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். கருவாடு, நெத்திலி, பிளாச்சான், கிச்சாப், ஊறுகாய், மேகி எல்லாவற்றிலும் அது ஒளிந்திருக்கிறது. "உப்புக்குப் பதில்" என்று விற்கும் பொட்டாசியம் உப்பை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கிட்னி பலவீனமாக இருந்தாலோ, பெரிண்டோப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்து ஓடிக்கொண்டிருந்தாலோ பொட்டாசியம் ஏறி இருதயத் துடிப்பையே குலைத்துவிடும். அம்மாவின் கிட்னி பழுதாகியிருந்தால் கொல்லையில் காய்க்கும் பெலிம்பிங்கை (நட்சத்திரப் பழத்தை) அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஒரு பழமே விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகக்கூடியது. இளநீரும் அவருக்கு ஆகாது.

நெஞ்சு வலி வந்தால்

சர்க்கரைக்காரர்களுக்கும் வயதான பெண்களுக்கும் மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. வயிறு மந்தமாக இருக்கிறது, வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, கை கால் ஓய்ந்துபோகிறது என்பார்கள். "காத்துதான்" என்று கோடாலித் தைலத்தைத் தேய்த்து, சுக்குத் தண்ணீர் கொடுத்து, விடியட்டும் என்று காத்திருப்பதில் தசை செத்துக்கொண்டே போகிறது. இருதய நோயாளிக்கு 15 நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் எந்தப் புது அசௌகரியமும் காத்து இல்லை.

உட்கார வையுங்கள், நிற்க விடாதீர்கள். ஜி.டி.என். ஒன்று நாக்குக்கு அடியில். 5 நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் 999. வண்டி வரும்வரை 5 நிமிடத்துக்கு ஒன்றாக மொத்தம் 3 வரை வைக்கலாம். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக் கசிவோ இல்லாவிட்டால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுக்கலாமா என்று போனிலேயே கேளுங்கள். தோட்டம், டிவிஷன், பக்கத்துக் கோயில் அல்லது தமிழ்ப்பள்ளி, மெயின் ரோட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை முன்பே ஒரு தாளில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் நாற்பது வருடம் இருந்த வீட்டு விலாசமே வாயில் வராது. ராத்திரியில் தோட்டத்து கேட் பூட்டியிருக்குமானால் சாவி யாரிடம் என்பதும் அதில் இருக்கட்டும். ஒருவர் மோட்டாரில் மெயின் ரோட்டுக்குப் போய் நின்று வண்டியைக் கூட்டி வரட்டும்.

சொந்தக் காரில்தான் போயாக வேண்டும் என்றால் முதலில் டவுன் ஆஸ்பத்திரி. பெரிய ஆஸ்பத்திரி என்று நேரே ஈப்போவுக்கு ஓட்டாதீர்கள். இ.சி.ஜி. எடுத்து, கட்டியைக் கரைக்கும் ஊசி தேவைப்பட்டால் போடும் வசதியுள்ள பக்கத்து இடம்தான் உயிரைக் காக்கும். அங்கிருந்து ஈப்போவுக்கு ஆம்புலன்ஸில் மிஸ்ஸியோடு அனுப்புவார்கள்.

ஆபரேஷனுக்கு முந்திய வாரம்

எந்த மருந்தை எப்போது நிறுத்துவது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், எழுதி வாங்குங்கள். இரத்தம் இளக்கும் குளோபிடோக்ரெல்லும் வார்ஃபாரினும் பைபாஸுக்கு வழக்கமாக 5 நாள் முன்பு நிற்கும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைப் பொதுவாக 3 நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். தொடர்ந்தால் சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். ஆஞ்சியோகிராமுக்குப் போடும் சாயம் கிட்னியைத் தொடும் என்பதால் மெட்ஃபார்மின் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தவர் இரத்தம் இளக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும். பட்டினி இருக்கும் காலையில் இன்சுலின் எவ்வளவு என்று கேளாமல் வழக்கமான அளவைப் போட்டால் வழியிலேயே சர்க்கரை இறங்கிவிடும். சர்க்கரை 4 mmol/L-க்குக் கீழ் இறங்கினால் சுயநினைவோடு இருப்பவருக்கு 3 டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், 15 நிமிடத்தில் மறு பரிசோதனை. பட்டினி இருப்பதைப் பற்றிப் பிறகு வார்டில் சொல்லிக்கொள்ளலாம்.

பல் டாக்டரிடம் பல்லைக் காட்டிவிடுங்கள். சொத்தைப் பல் கிருமி வால்வு ஆபரேஷனுக்குக் குறிப்பாக ஆகாது. சிகரெட் இன்றே நிற்க வேண்டும். ஆடி மாதம், ராகு காலம், சூலம் என்று தேதியைத் தள்ளச் சொல்லும் வீட்டில் முன்னதாகவே கோயிலில் ஒரு அர்ச்சனை செய்து மனசை ஆற்றுங்கள். ஆஸ்பத்திரி கொடுத்த தேதியை விட்டால் வரிசையில் எங்கே போய் விழுவோம் என்று யாராலும் சொல்ல முடியாது.

கோலாலம்பூர் போவதானால் ஈப்போவிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு இ.டி.எஸ். மின்ரயில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். நோயாளிக்கு அது காரைவிட நிம்மதி: எழுந்து நடக்கலாம், கழிவறை உண்டு. ஐ.ஜே.என். பக்கத்தில் எம்.ஆர்.டி. நிலையம் இருந்தாலும் சென்ட்ரலிலிருந்து கிராப் பிடிப்பதே நல்லது. மூக்குக் கண்ணாடி, பல்செட், காது மெஷின் மூன்றும் பெயர் எழுதிய டப்பாவில் கூட வரட்டும்.

உங்கள் லீவை ஆபரேஷன் நாளில் செலவழித்துவிடாதீர்கள். அன்று நீங்கள் வெளியே நாற்காலியில் உட்காரத்தான் முடியும், ஐ.சி.யு.வில் சிறிது நேரமே விடுவார்கள். வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரத்துக்குத்தான் ஆள் வேண்டும். அதே நாட்களில் அம்மாவை யார் பார்ப்பது என்பதையும் பெயர் போட்டு எழுதுங்கள். அப்பா பின்னால் எல்லாரும் ஓடும்போது இன்சுலின் தவறுவது அம்மாவுக்குத்தான்.

ஐ.சி.யு.வில் சில நாள் அப்பா சம்பந்தமில்லாமல் பேசலாம், செத்துப்போன பாட்டி வாசலில் நிற்கிறாள் என்பார். பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. மயக்க மருந்து, தூக்கமின்மை, நோய் எல்லாம் சேர்ந்து வரும் தற்காலிகக் குழப்பம். கண்ணாடியை மாட்டிவிட்டு, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று நிதானமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே இருங்கள். பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும்.

வீடு திரும்பிய பிறகு

வெட்டிய நெஞ்செலும்பு கூடி வர 6 முதல் 12 வாரம். அதுவரை கையை ஊன்றி எழுவது, இழுப்பது, தூக்குவது கூடாது. 5 கிலோ அரிசிப் பை, தண்ணீர் வாளி, பேரப்பிள்ளை எல்லாம் இதில் அடங்கும். குந்தும் கழிவறைதான் வீட்டில் என்றால், நடுவில் ஓட்டையுள்ள கமோட் நாற்காலி ஒன்றை ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே வாங்கிப் பொருத்துங்கள். குந்தி எழும்போது கை தானாகச் சுவரைப் பிடித்து இழுக்கும், அந்த இழுவை நெஞ்சுக்குத்தான் போகும். தொட்டியிலிருந்து மொண்டு குளிக்க விடாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் சின்னக் குவளையும் போடுங்கள், தண்ணீரை இன்னொருவர் வாளியில் நிரப்பட்டும்.

இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி தங்கி நிமோனியா வரும். மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்திருந்தால், சொன்ன தடவை விடாமல் செய்யட்டும். பைபாஸுக்கு இரத்தக்குழாய் எடுத்த கால் வீங்கும், உட்காரும்போதெல்லாம் ஸ்டூலில் தூக்கி வையுங்கள். 38 டிகிரி காய்ச்சல், காயத்தில் சீழ், சுற்றிலும் சிவப்பு, மூச்சு விடும்போது எலும்பு "டக் டக்" என்று நகரும் உணர்வு, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. காரில் பின் சீட்டில் உட்காரட்டும். மோட்டார் ஓட்டுவதும் பின்னால் ஏறுவதும் டாக்டர் சரி என்னும்வரை வேண்டாம். தோட்டத்து மண்பாதைக் குலுக்கலை அந்த எலும்பு தாங்காது.

நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மூன்றாம் வாரத்தில் பேசாமல் சுவரைப் பார்த்து உட்காருவார், காரணமில்லாமல் அழுவார். பைபாஸுக்குப் பிறகு மனச்சோர்வு அடிக்கடி வரும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அடுத்த அப்பாயிண்ட்மெண்டில் சொல்லிவிடுங்கள், இருதய டாக்டரே வழி சொல்வார்.

டிஸ்சார்ஜ் அன்று பார்மசி கவுண்டரில் எஸ்.பி.யு.பி. ஏற்பாடு கேளுங்கள். அது கிடைத்தால், தூரத்து ஆஸ்பத்திரியில் எழுதிய மருந்தை மாதாமாதம் சுங்கை சிப்புட் கிளினிக்கிலேயே வாங்கலாம். அந்தச் சீட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். தீரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே போய் நில்லுங்கள். சில மருந்தை கிளினிக்கில் ஆர்டர் செய்துதான் வரவழைப்பார்கள், ஸ்டென்ட் வைத்தவருக்கு இரத்தம் இளக்கும் மாத்திரை இரண்டு நாள் தட்டினாலும் ஆபத்து. வாங்கி வந்ததும் பாக்கெட்டில் உள்ள பெயரையும் மில்லிகிராமையும் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். பிராண்டு மாறி நிறம் மாறியிருந்தால், இது எந்த மருந்துக்குப் பதில் என்று கவுண்டரிலேயே கேட்டுவிட்டு வாருங்கள்.